ஒட்டுப் பலகை

கேரம் போர்டு இல்லீங்க.

கோவிச்சுக்காதீங்க தம்பி, சத்தமாச் சொல்லிப்போட்டேன். சிங்காநல்லூர்ல பஸ் ஏறுறப்ப கண்டக்டரும் இதையேதான் கேட்டாப்ல. முன் சீட்டுல உக்காந்திருக்கற அம்மிணியும் இதையேதான் கேட்டுது. சதுரமா ஒரு பலகையைப் பெட்சீட்டுல சுத்தி மடியில வெச்சிருந்தா அது கேரம் போர்டாத்தான் இருக்கோணுமா? வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க. சப்பாத்திப் பலகைன்னு சொல்லுங்க, மணைன்னு சொல்லுங்க. கேரம் போர்டுன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது. ஏன்னு சொல்றேன். நீங்க எங்க எறங்கோணும்? கரூருங்களா? அப்பச் சொல்றதுக்கு நேரம் இருக்குது.

இந்த மூலையைச் சித்தெ உங்க தொடை மேல வெச்சுக்கறனுங்க. வலிச்சாச் சொல்லுங்க. மேல கம்பியில வெச்சா எவனாச்சும் மூட்டையைத் தூக்கி மேல போட்டுருவான், கீழ வெச்சா மிதிச்சுருவாங்க.

ஏனுங்க, உங்க பையில எட்டிப் பாக்குதே, அது பொம்மைக் காருங்களா? தங்கச்சி பையனுக்கா? சித்தெ காட்டுங்க. அட! நெனச்சேன். இது எங்க அளவு தம்பி! நெசக் காருல அறுவத்தி நாலுல ஒரு பங்கு. அளந்து பாத்தாச் சுத்தமாத் தெரிஞ்சுரும், சட்டைப் பையிலயே வெர்னியர் இருக்குது, மில்லிமீட்டரைப் பத்தாப் பிரிச்சுக் காட்டும், சித்தெ இருங்க... இல்லீங்க. கொண்டு வரல. மறந்துட்டேன். முப்பது வருசத்துல இந்தப் பையை விட்டு எறங்காத சாமான். இன்னிக்குன்னு பாத்து சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில தொங்கிட்டு இருக்குது. சரி, விடுங்க.

நாங்க ரயிலு மாடல் பண்றவங்க. பொம்மை இல்லீங்க, மாடலு. அளவு இருந்தாத்தான் மாடலு, இல்லீன்னா பொம்மை. ஒலகத்துல முக்காவாசிப் பேரு எம்பத்தி ஏழுல ஒரு பங்கு பண்றான். எச்.ஓ.ன்னு சொல்லுவாங்க. மிச்சப் பேரு அதுக்கும் சின்னதா நூத்தி அறுவதுல ஒரு பங்கு பண்றான். அது ரயிலில்ல, சீரகம். தும்மினாப் பறந்துரும். நாங்க பண்றது அறுவத்தி நாலுல ஒரு பங்கு. அதுக்கு எஸ்னு பேரு. நெசத்துல அறுவத்தி நாலடி இருந்தா எங்குள்து ஒரு அடி. ஆளு ஒரு இஞ்சு ஒசரம். கையில எடுத்தா எடுத்த மாதிரி இருக்கும். நாப்பது தாண்டிக் கண்ணாடி போட்டவனும் உக்காந்து வேலை செய்யலாம். நாட்டுல கொழந்தைங்க இருக்கற எந்த வூட்டுலயும் இந்தப் பொம்மைக் காரு ரெண்டாச்சும் கெடக்கும். ரோட்டுல ஓடுற வண்டியெல்லாம் எல்லார்த்து வூட்டுலயும் தயாரா இருக்குது, ரயிலு மட்டுந்தான் பாக்கி! இதைவிட ஒரு மனுசனுக்கு என்ன வேணும்?

இன்னொண்ணு கேளுங்க. நம்ம பொள்ளாச்சிப் பக்கம் முன்னாடி ஓடுச்சுல்ல, மீட்டர்கேஜ் வண்டி, அதை இந்த அளவுல செஞ்சா எச்.ஓ.காரன் விக்கற தண்டவாளத்துலயே ஓடும். ஒரு மில்லிக்கும் கம்மியாத்தான் வித்தியாசம் வரும். அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாதுங்க. அதைப் போய்ப் பெருசு பண்றவன் மனுசனே இல்ல.

எங்குள்து எங்குள்துன்னு சொல்றனே தவிர, கோயமுத்தூருக்கே இந்த அளவுல பண்ணினது ரொம்ப நாளைக்கு நான் ஒருத்தன்தான்.

பேரு நாச்சிமுத்துங்க. பம்பு கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவன். செஞ்சு வர்ற உருப்படியை அளந்து பாத்து, சரியில்லீன்னா ஒரு சொட்டுச் செவப்புப் பெயிண்ட் வெச்சு ஒதுக்கற சோலி. நான் நடந்து வந்தா லேத்துக்காரன் வாயில இருக்கற பாட்டு நின்னு போகும். அத்தனை மரியாதை.

இப்பக் கேளுங்க. வருசா வருசம் பொங்கலு கழிஞ்சு ஒரு கல்யாண மண்டபத்துல ரயிலு மாடல்காரங்கெல்லாம் கூடுவோம். ஆளுக்கு ஒரு பலகை, ஆறடி நீளம். மேல தண்டவாளம், ஸ்டேசன், மரம், மட்டை எல்லாம் இருக்கும். அவனவன் பலகையைக் கொண்டாந்து ஒண்ணோட ஒண்ணு முட்ட வெச்சா, தண்டவாளம் சேந்து, ஒருத்தன் பலகையில கெளம்பின வண்டி அடுத்தவன் ஸ்டேசன்ல போய் நிக்கும். அதுதானுங்க இதுல இருக்கற சொகமே. எச்.ஓ.காரங்க மண்டபத்தைச் சுத்திப் பாம்பு மாதிரி நீட்டி வெச்சிருப்பாங்க. அங்க ஒரு சட்டம்: ஒரே அளவுல நாலு பலகை சேந்தாத்தான் நடு மண்டபத்துல எடம். இல்லீன்னா ஓரமாப் போயிக்கோணும்.

எனக்கு எடம் எங்கன்னு நெனைக்கறீங்க? டீ ட்ரம் பக்கத்துல. என்ற ஸ்டேசன் பிளாட்பாரத்துல காலி டம்ளரை வெச்சுட்டுப் போவானுங்க தம்பி! அறுவத்தி நாலுல ஒரு பங்கு அளவுல பாத்தா அந்த டம்ளரு ஒரு தண்ணி டேங்கு. கேட்டா, "அட, இதுவும் ரயிலுங்களா?"ன்னு ஒரு எகத்தாளம்.

என்ற வண்டி ஆறடி போகும். நிக்கும். திரும்பி ஆறடி வரும். அவ்வளவுதான். எஞ்சினு, அஞ்சு பெட்டி, ஜன்னல் கம்பி மொதக்கொண்டு நானே கையால செஞ்சது. அந்த வண்டி ஒரு தடவையாச்சும் என்ற பலகையைத் தாண்டி வேறொருத்தன் ஊருக்குள்ள போயி, கண்ணுக்கு மறைஞ்சு, அக்கட்டப் பக்கமிருந்து திரும்பி வாரதைப் பாக்கோணும். எனக்கு வேற ஆசை கெடையாதுங்க. பேரன் பேத்தி எடுத்தாச்சு, காசி போயாச்சு. இது ஒண்ணுதான்.

அதுக்கு மூணு பேரு வேணும். ஒரே மூணு பேரு. எம்புட்டு லட்சம் சனம் இருக்கற ஊரு, மூணு பேரு கெடைக்க மாட்டேங்கறான்.

நானும் என்ன பண்ணாம விட்டேன்? நோட்டீஸ் அடிச்சேன். ரெண்டு இஸ்கூல்ல போய்ப் பேசினேன். கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி ஒருத்தரு ஆசையா வந்தாரு, மாசக்கணக்கா உக்காந்து ஒரு ஸ்டேசன் கட்டிக் கொண்டாந்தாரு. நல்ல வேலைப்பாடு, நான் இல்லீங்கல. காபியைக் குடிச்சுட்டுக் கதவை அளந்தேன். "தம்பி, உங்க ஸ்டேசன் மாஸ்டரு ஒம்பதடி ஒசரமா?"ன்னு கேட்டேன். தமாசுக்குத்தான் கேட்டேன். கதவு அம்புட்டு ஒசரம்! அப்புறம் வழக்கம் போல ஒரு சொட்டுச் செவப்பு வெச்சேன், திருத்தறப்ப எடம் தெரியோணுமில்ல? அதோட சரி. போன் போட்டாக்கூட எடுக்கல. இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே கெடையாதுங்க. இப்படி வந்தவன் போனவன்னு ஒரு கல்யாணப் பந்தி வெக்கற அளவுக்கு ஆளு இருக்கும். ஒருத்தனும் ரெண்டாந் தடவை வாசப்படி ஏறல. என்ன கெரகமோ.

ஏனுங்க, பல்லடம் வந்துருச்சா? கூட்டம் ஏறுது. பலகையைச் சித்தெப் புடிச்சுக்குங்க. இக்கட்டச் சாய்ச்சு. ஆங்.

கடைசியா மூணு பேரு அமைஞ்சாங்க. ஒருத்தரு பல் டாக்டரு, கிறிஸ்டோபர்னு பேரு. அவரு தாங்கினாரு. நாள் பூராத் தொறந்த வாயோட மாரடிக்கறவரு, நம்ம வாயை அவரு பெருசா எடுத்துக்கல. இன்னொருத்தன் ஃபரூக்கு, செல்போன் ரிப்பேர் கடை. ஒயரிங் வேலையில சூரன். ஆனா செவப்பு ஒயர் வர வேண்டிய எடத்துல பச்சை ஒயரு போடுவான். "ஓடுதுல்ல, அப்பறம் என்ன பாய்?"ம்பான். என்னைப் பாயிம்பான் தம்பி, அவன் பாயி, என்னைப் பாயிம்பான்! மூணாவது சுகந்தின்னு ஒரு அம்மிணி. கேக்கு செய்யற புள்ளை. கேக்கு மேல சக்கரைப் பாகுல பொம்மை வெப்பாங்கல்ல, அந்தக் கை. எங்களுக்குப் பிளாட்பாரத்துல நிக்கற சனம் வேணுமில்ல, அதைச் செஞ்சு குடுத்துது. மொதல்ல சக்கரையிலயே செஞ்சு கொண்டாந்துருச்சு. ராவோட ராவா எறும்பு பூந்து ரெண்டு பயணியைத் தூக்கிட்டுப் போயிருச்சு. அப்புறம் களிமண்ணுல செஞ்சுது.

அதுல ஒரு ஆளுக்குத் தலை பெருசு. அளந்தேன். செவப்பு வெச்சேன். அந்தப் புள்ளை மூஞ்சி சுருங்கிப் போச்சு. அடுத்த வாரம் வந்து பாத்தா அந்த ஆளு அதே எடத்துல நிக்கறான். உடம்பு பூராச் செவப்பு அடிச்சு, தலைல பெட்டியை வெச்சு, போர்ட்டரா மாத்திப்போட்டுது! "இப்ப சரிங்களாண்ணா?"ங்குது. என்ன சொல்றது? தலை பெருசுதான். அது அப்படியேதான் இருக்குது.

சரி, நாலு பலகை ஆச்சு. வாழ்க்கையில மொதத் தடவையா ஆச்சு. இனித் தப்பு நடக்கக் கூடாதில்ல? அதனால நானே உக்காந்து டெம்ப்ளேட் வெட்டினேன். பலகையோட ஓரத்துல வெச்சுப் பாக்கற அச்சு அட்டை. தண்டவாளம் முன் விளிம்புல இருந்து எவ்வளவு தள்ளி வரோணும், போல்ட்டு ஓட்டை எங்க வரோணும், எல்லாம் அதுல இருக்கும். இதைப் பலகை ஓரத்துல வெச்சுக் கோடு போட்டு அறுத்தா, கண்ணை மூடிட்டுச் செஞ்சாலும் சேரும். ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். ஒரு நூல் தப்பக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தேன். இஞ்சுல எட்டுல ஒரு பங்கு, அதுதான் நூலு, ஆசாரிங்க சொல்லுவாங்க.

என்ற பலகைக்கா? எனக்கெதுக்குங்க டெம்ப்ளேட்டு? அதை வெட்டினவனே நானு. அளவு பூரா என்ற தலைக்குள்ள இருக்குது.

அந்த நாளும் வந்துச்சு. நடு மண்டபம். டியூப்லைட்டுக்கு நேரா கீழ. வூட்டுக்காரி பட்டுச்சேலை கட்டிட்டு வந்திருந்தா, பாருங்களேன். டாக்டர் பலகையும் ஃபரூக்கு பலகையும் முட்ட வெச்சாங்க. சேந்துச்சு. போல்ட்டு வெண்ணெய்ல எறங்கற மாதிரி எறங்குச்சு. சுகந்தி பலகையை வெச்சாங்க. சேந்துச்சு. என்ற பலகையை வெச்சோம்.

மூணு நூல் தள்ளி நிக்குது.

தண்டவாளம் ஒண்ணுக்கொண்ணு மொறைச்சுட்டு நிக்குது தம்பி! எனக்கு ரத்தம் தலைக்கேறிப் போச்சு. மூணு பேரும், கேட்டுக்குங்க, மூணு பேரும் ஒரே மாதிரி தப்பு பண்ணி வெச்சிருக்காங்க! ஒருத்தன் தப்புப் பண்ணுவான், ரெண்டு பேரு பண்ணுவான். மூணு பேரும் சொல்லி வெச்ச மாதிரி அதே மூணு நூல் தப்புப் பண்ணினா அதுக்கு என்னன்னு பேரு வெக்கறது?

என்ற வூட்டுக்காரி ஜாக்கெட் தைக்கறவ. எட்டிப் பாத்துட்டு, "ஏனுங்க, முன் விளிம்புல அழகுக்கு ஒட்டியிருக்கற மெல்லிசுப் பலகையைச் சேத்து அளந்தீங்களா, சேக்காம அளந்தீங்களா? தையலுக்கு விட்டதைச் சேத்தமா இல்லையாங்கறதுலதான் எங்களுக்கெல்லாம் தப்பு வரும்"ங்கறா. நாலு பேரு மத்தியில! நான் இன்ஸ்பெக்‌ஷன்ல குப்பை கொட்டினவன், எங்கிட்ட ஜாக்கெட்டுக் கதை. "நீ போயி டீ குடிச்சுட்டு வா"ன்னு அனுப்பிச்சேன்.

டாக்டர் மெதுவாச் சொன்னாரு. "நாச்சிமுத்து சார், உங்க பலகையை மேசையோட மூணு நூல் முன்னுக்கு நகத்திடுவோம். தண்டவாளம் சேந்துரும். முன் விளிம்பு மட்டும் கொஞ்சம் முன்ன பின்ன நிக்கும், துணியைப் போட்டு மறைச்சுரலாம்."

நகத்தறதாமா. துணி போட்டு மறைக்கறதாமா. ஏந் தம்பி, நீங்களே சொல்லுங்க, அது ஒரு வேலையா? சரியா இருக்கறவன் நகரோணுமா, தப்பா இருக்கறவன் நகரோணுமா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா இல்ல இருக்குது? "மூணு பேரும் பலகையைக் கழட்டுங்க, நான் ரம்பம் கொண்டாந்திருக்கேன், பொழுதுக்குள்ள அறுத்துச் சரி பண்ணிரலாம்"னேன். பெட்டியைத் தொறந்து செவப்புப் பெயிண்டையும் வெளிய எடுத்தேன். எங்கெங்க அறுக்கோணும்னு குறி வெக்கறதுக்குத்தான். வேற ஒண்ணுமில்ல.

ஃபரூக்கு அதைப் பாத்தான். நேரா மண்டபத்துப் பின்னாடி ரூமுக்குப் போனான். வாட்ச்மேன் வெளையாடற ஒரு பழைய கேரம் போர்டைத் தூக்கிட்டு வந்தான்.

ஆமாங்க. கேரம் போர்டு.

அது மேல டெம்ப்ளேட்டை வெச்சு ரெண்டு கோடு போட்டான், நாலு ஆணி அடிச்சான், கையில இருந்த உபரித் தண்டவாளத்தை ஒட்டினான். அவங்க மூணோட அதைக் கோத்துட்டான். நாலு பலகை ஆச்சு! கேட்டா, அதுல ரோடு வரைஞ்சு லெவல் கிராசிங்காம். அதுக்குள்ள எங்கிருந்தோ ஒரு சின்னப் புள்ளை வந்து தன்ற பொம்மைக் காரை ரயில்வே கேட்டுப் பக்கத்துல நிறுத்துச்சு. அதைப் பாத்து இன்னொண்ணு. தம்பி, அன்னிக்கு அந்தக் கேரம் போர்டுல நின்ன காருக்குக் கணக்கே கெடையாது. கேட்டு மூடினா லாரி, பஸ்ஸு, போலீஸ் ஜீப்பு எல்லாம் நிக்குது, ரயிலு போகுது, புள்ளைங்க கத்துதுங்க. அம்மா அப்பனெல்லாம், "இது என்ன அளவுங்க? எங்க வாங்கறது?"ன்னு சுகந்திகிட்ட நின்னு கேக்கறாங்க. எச்.ஓ.காரங்க பக்கம் ஈ ஓட்டிட்டு இருக்காங்க!

காருங்க எங்க அளவுன்னு எத்தனை வருசமாச் சொன்னவன் நானு. நோட்டீஸ்லயே போட்டேன். ஒரு நாயி திரும்பிப் பாக்கல. அன்னிக்குக் கேரம் போர்டுல பாத்தாங்க.

நானா? டீ ட்ரம் பக்கத்துல. என்ற வண்டி ஆறடி போச்சு, நின்னுது, திரும்பி வந்துச்சு. வூட்டுக்காரி பட்டுச்சேலையோட பக்கத்துல ஸ்டூலு போட்டு உக்காந்திருந்தா. அவ ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலையா இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்துருச்சுங்க, எதுக்கு மறைக்கோணும். தூசின்னு சொல்லிக் கண்ணைத் தொடச்சுக்கிட்டேன்.

காங்கயம் தாண்டியாச்சுங்களா? நல்லது.

அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க, அதுதான் பெரிய அநியாயம். அன்னிக்கு வந்து பாத்தவங்கள்ல ஒருத்தொருத்தரா அவங்களோட சேந்துட்டாங்க. திருப்பூர்ல ரெண்டு பேரு, ஈரோட்டுல ஒரு வாத்தியாரு, திருச்சியில ஒரு குடும்பமே. அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி, ஒம்பதடிக் கதவுக்காரரு, அவரும் போய்ச் சேந்துட்டாரு தம்பி! அதே கதவோட! எல்லார்த்துக்கும் நான் வெட்டின டெம்ப்ளேட்டையே பாத்து வெட்டிக் குடுத்திருக்காங்க. பாத்துக்குங்க, தப்பு எப்படிப் பரவுதுன்னு. இன்னிக்குத் தமிழ்நாட்டுலயே எஸ் அளவுன்னா அந்த அளவுதான்னு ஆயிப்போச்சு. அதுக்கு என்ன பேரு வெச்சிருக்காங்கன்னு கேளுங்க. கேளுங்களேன்.

நாச்சிமுத்து அளவு.

"உங்க பலகை நாச்சிமுத்து அளவா?"ன்னுதான் ஒருத்தரை ஒருத்தரு கேக்கறாங்களாம். எம்பேரு! தப்பான அளவுக்கு எம்பேரு! அந்த அளவுல இல்லாத ஒரே பலகை இந்த நாச்சிமுத்து பலகைதான். இதை எங்க போயிச் சொல்லி அழுவறது?

ஒரு வருசமா நான் யார்கூடயும் பேசல. அவங்களும் கூப்பிட்டாங்க, நான் போகல. போன மாசம் சுகந்திப் புள்ளை வூட்டுக்கு வந்துச்சு, ஒரு கேக்கைக் கையில புடிச்சுக்கிட்டு. மேல சக்கரையில ஒரு ஆளு நிக்கறான், சட்டைப் பையில வெர்னியரோட. நான்தானாம். "அண்ணா, அடுத்த மாசம் திருச்சியில எல்லாரும் கூடறோம். பதினோரு பலகை. நடுவுல ஒரு எடம் விட்டு வெச்சிருக்கோம், உங்களுக்கு. நீங்க எப்படி வெச்சாலும் சரி, நாங்க நகந்துக்கறோம்"னுச்சு.

தலை இந்தத் தடவை சரியா இருந்துச்சு. அளந்து பாத்தேன்.

நகந்துக்கறாங்களாம்! பதினோரு பலகையும் எனக்காக நகர்றதா? அப்புறம் ஊரு என்ன சொல்லும், நாச்சிமுத்து ஒருத்தனுக்காக அத்தனை பேரும் நகந்தாங்கன்னு சொல்லாதா? அதனாலதான் இதைச் செஞ்சேன். ஒட்டுப் பலகை. பெட்சீட்டைச் சித்தெ வெலக்கிக் காட்டறேன் பாருங்க. இந்தப் பக்கம் என்ற பலகையோட சேரும். அந்தப் பக்கம் அவங்குள்தோட சேரும். நடுவுல தண்டவாளம் தெரிஞ்சும் தெரியாம வளைஞ்சு மூணு நூல் தள்ளிப் போகுது. வண்டி ஆடாமப் போகோணும்னா எம்புட்டுப் பாடு பட்டிருப்பேன்னு தடவிப் பாருங்க. வழுவழுன்னு இருக்குதில்ல? என்ற பெரிய பலகையை ஃபரூக்கு நேத்தே வேன்ல ஏத்திட்டுப் போயிட்டான். இதை மட்டும் நான் குடுக்கல. மடியிலயே கொண்டுட்டு வாரேன்னுட்டேன்.

அவங்க பக்கத்து அளவை எப்படி எடுத்தேன்னு கேக்கறீங்களா? டெம்ப்ளேட்டு ஒண்ணு எங்கிட்டயும் இருக்குதே, அதை வெச்சுத்தான். டாக்டர் பலகையில கொண்டு போய் வெச்சுப் பாத்தேன். அப்படியே உக்காந்துருச்சு.

என்னங்க?

டெம்ப்ளேட்டுக்கு அவங்க பலகை சரியா இருக்குதுன்னா... ஏந் தம்பி, நீங்களும் என்ற வூட்டுக்காரி மாதிரியே கேக்கறீங்க. ஜன்னலைச் சித்தெச் சாத்துங்க, வெயிலு கண்ணுல அடிக்குது. ப்ளைவுட்டுங்க அது. மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதுல ஆயிரம் இருக்குது. அதெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவனுக்குத்தான் தெரியும்.

வெள்ளகோவில்ல டீக்கு நிறுத்துவான்னு பாத்தேன், நிறுத்தாமயே வந்துட்டான்.

அதென்ன எழுத்துன்னு பாக்கறீங்களா? அது ஒண்ணுமில்ல, பென்சில்ல நான்தான் எழுதினேன். எந்தப் பக்கம் யாருதுன்னு தெரியோணுமில்ல? என்ற பக்கம் "சரி"ன்னு போட்டிருக்கேன். அவங்க பக்கம் "தப்பு"ன்னு. கம்பெனிப் பழக்கம். வூட்டுக்காரி இன்னிக்குக் காலையில இதைப் பாத்துட்டு, இட்லியைத் தட்டுல வெச்சுட்டு, "இதைக் கொண்டு போயி அந்தப் புள்ளைகிட்டக் காட்டப் போறீங்களா?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா. "ஆமா, அதுல என்ன இருக்குது?"ன்னேன். அவ உள்ள போயிட்டா. திருச்சிக்கு வரலையான்னு கேட்டதுக்கு, "பட்டுச்சேலையை வெளுக்கப் போட்டிருக்கேன்"னுட்டா. பட்டுச்சேலையை யாருங்க வெளுக்கப் போடுவாங்க?

சுகந்தி அந்தக் கேக்குல என்ற மூக்குக் கண்ணாடியைக்கூட வெச்சிருந்துச்சு தம்பி. சக்கரையில. அதை வெட்டறதுக்கு மனசு வரல, எறும்பே தின்னுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

கரூர் வருதுங்களா? பாலம் தெரியுதே. உங்ககிட்ட ரப்பர் இருக்குதுங்களா, அழிக்கற ரப்பரு? இல்லியா. சரி விடுங்க, பென்சிலுதானே. எச்சில் தொட்டுத் தேச்சாலே போயிரும். நான் தப்பு பண்ணிட்டேன்னு இல்லீங்க, அழுக்காத் தெரியுது, அதுக்குத்தான். பாருங்க, "தப்பு" போயிருச்சு. இந்த "சரி"யையும் தேச்சுரலாம், ஒரு பக்கம் மட்டும் எழுதியிருந்தா நல்லாவா இருக்கும்?

அப்பறம் எந்தப் பக்கம் யாருதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறதா? வெச்சுப் பாக்கறதுதான். எது சேருதோ அது அவங்குள்து.

எறங்குங்க, எறங்குங்க, சில்லறையைக் கண்டக்டரு அவனாத் தர மாட்டான், கேட்டு வாங்குங்க. பலகையை நான் புடிச்சுக்கறேன். தம்பி! ஏனுங்க தம்பி! நாளைக்கு ஞாயித்துக்கெழமைதானே, தங்கச்சி பையனைக் கூட்டிட்டுத் திருச்சிக்கு வாங்களேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுகிட்டதான் மண்டபம். காலையிலயே வந்துருங்க, என்ற வண்டி மொதத் தடவையா வெளியூரு போகுது. அந்தக் காரை மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க. கேட்டுகிட்ட நிறுத்திக்கலாம்.

நான் அளக்க மாட்டனுங்க.